காண்டாமிருகச் சின்னத்தோடு வந்தவர்கள்: 11ஆவது கிழக்கு ஆபிரிக்கப் படைப்பிரிவும் நம் தீவும்

  இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடிந்து ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

இரண்டாம் உலக யுத்தத்தில் இலங்கைக்கு என்ன நடந்தது என்று வகுப்பில் கேட்டால் பிள்ளைகள் வழமையாக ஒரே விடையைத்தான் சொல்வார்கள். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன, ஏப்ரல் 9இல் திருகோணமலையில் போட்டன. கொஞ்சம் கூடுதலாக வாசிக்கிற பிள்ளை என்றால், மவுன்ட்பேட்டன் பிரபு பேராதனைப் பூந்தோட்டத்தில் தலைமையகம் வைத்து யுத்தத்தை நடத்தினார் என்றும் சொல்லும். அத்தோடு சரி. அதே காலத்தில் நம் தீவின் காடுகளில் மாதக்கணக்காகப் பயிற்சி எடுத்து, இங்கிருந்து பர்மாவுக்குச் சண்டைக்குப் போன ஒரு முழுப் படைப்பிரிவு இருந்தது. அதன் பெயர் 11ஆவது கிழக்கு ஆபிரிக்கப் படைப்பிரிவு. அதைப் பற்றி நாமும் அதிகம் பேசியதில்லை, நமக்குச் சொல்லித் தந்தவர்களும் பேசியதில்லை.

வன்னியில் இருக்கிற நமக்குப் படைப்பிரிவு என்றால் என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை. 53, 55, 57, 58, 59 என்று எண்களைச் சொன்னாலே எது எந்தப் பக்கத்தால் வந்தது என்று தேநீர்க் கடையில் இருக்கும் பெரியவர் சொல்லிவிடுவார். ஆனால் அந்த எண்ணுக்குள் இருந்தவர்கள் எந்த ஊர்ப் பிள்ளைகள், எந்தக் கஷ்டத்துக்காகச் சேர்ந்தார்கள், திரும்பிப் போனார்களா என்பதெல்லாம் எண்ணைச் சொல்வதால் தெரிந்துவிடாது. இந்தப் பதிவை எழுதத் தூண்டியது அதுதான். நம் சொந்த யுத்தத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பின்னூட்டத்தில் இன்னொரு யுத்தம் தொடங்கிவிடும். எண்பது வருடத்துக்கு முந்திய, எல்லோருக்கும் தூரமான ஒரு படைப்பிரிவை எடுத்துப் பார்ப்போம்.

முதலில் அவர்கள் ஏன் இங்கே வந்தார்கள்? 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8இல் ரங்கூன் விழுந்தது. இந்து சமுத்திரத்தில் பிரித்தானியருக்கு மிஞ்சியிருந்த பெரிய துறைமுகங்களில் கொழும்பும் திருகோணமலையும் முக்கியமானவை. அடுத்தது இலங்கைதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவசர அவசரமாகப் படைகள் கொண்டுவந்து இறக்கப்பட்டன. மத்திய கிழக்கிலிருந்து நாடு திரும்பிக்கொண்டிருந்த அவுஸ்திரேலியரின் 16ஆவது, 17ஆவது பிரிகேட்டுகள் இங்கே நிறுத்தப்பட்டன. இந்திய இராணுவத்தின் 34ஆவது படைப்பிரிவு இங்கே இருந்தது. அவர்களோடு ஆபிரிக்காவிலிருந்து வந்தது 21ஆவது கிழக்கு ஆபிரிக்க பிரிகேட். இதுதான் முதலில் வந்த கூட்டம்.

யுத்தம் நம் பக்கத்துக்கும் வந்தது. இன்று விமானப்படைத் தளம் இருக்கும் வவுனியா ஓடுபாதை அந்தக் காலத்தில் பிரித்தானிய விமானப்படை பாவித்த தளம். கடலில் கப்பல்களைத் தாக்கும் டோர்பிடோ விமானங்கள் அங்கே நின்றன. இதைவிட வீட்டுக்கு வீடு தெரிந்த பாதிப்பு அரிசி. நம் தீவு அன்று உண்ட அரிசியில் பெரும்பகுதி வெளியிலிருந்துதான் வந்தது, அதிலும் பர்மா முதலிடத்தில் இருந்தது. பர்மா விழுந்ததும் அந்தக் கப்பல்கள் நின்றுபோயின. பங்கீட்டு அட்டையும் கூப்பன் அரிசியும் கோதுமை மாவும் பாணும் நம் வீடுகளுக்குள் நிலையாக வந்தது அந்த வருடங்களில்தான். 1930களில் இரணைமடுக் குளத்தின் கீழ் மெதுவாகத் தொடங்கியிருந்த குடியேற்ற வேலைக்கும், காட்டை வெட்டி நெல் போட வேண்டும் என்ற அரசின் அவசரத்துக்கும் பின்னால் இந்தப் பஞ்சப் பயமும் ஒரு காரணம். பர்மாவில் நடந்த சண்டையை நமக்குச் சம்பந்தமில்லாத தூரத்துச் சங்கதியாக எடுக்க முடியாது.

1943இல் கிழக்கு ஆபிரிக்காவில் இருந்த பிரிகேட்டுகளை ஒன்றுசேர்த்து 11ஆவது படைப்பிரிவை அமைத்தார்கள். ஏற்கெனவே இங்கே இருந்த 21ஆவது பிரிகேட்டோடு 25ஆவது, 26ஆவது பிரிகேட்டுகளும் கடல் கடந்து வந்து சேர்ந்தன. தளபதி மேஜர் ஜெனரல் சார்ள்ஸ் ஃபவுக்ஸ். படைப்பிரிவின் சின்னம் காண்டாமிருகத்தின் தலை. சிப்பாய்களில் பெரும்பாலோர் ‘அரசரின் ஆபிரிக்க ரைபிள்ஸ்’ என்ற படையணியைச் சேர்ந்தவர்கள். கென்யா, உகண்டா, தங்கனிக்கா (இன்றைய தன்சானியாவின் பெரும்பகுதி), நியாசாலாந்து (இன்றைய மலாவி), வட ரொடீசியா (இன்றைய சாம்பியா) ஆகிய நாடுகளின் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். அந்த யுத்தத்தில் கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து பிரித்தானிய இராணுவத்தில் சேவை செய்தவர்கள் மொத்தம் மூன்று இலட்சத்துக்கும் மேல்.

அவர்கள் ஏன் சேர்ந்தார்கள்? சிலர் விரும்பிச் சேர்ந்தார்கள். சீருடை, சம்பளம், சாப்பாடு, உலகத்தைப் பார்க்கும் ஆசை. பலருக்குக் குடிசை வரி கட்டக் காசு வேண்டியிருந்தது. இன்னும் சில ஊர்களில், இத்தனை பேர் வேண்டும் என்று மேலிடம் கேட்கும், ஊர்த் தலைவன் ஆளைப் பிடித்துக் கொடுப்பான். யார் விரும்பிப் போனார், யார் விரும்பாமல் போனார் என்று பின்னால் பிரித்துப் பார்ப்பது இலகுவல்ல. இந்த விசயத்தை வன்னி ஆட்களுக்கு நாம் கூட்டிச் சொல்லத் தேவையில்லை.

நம் சமூகத்துக்கு ஒரு விசேடமான செய்தி. நியாசாலாந்திலிருந்தும் தங்கனிக்காவின் தெற்கிலிருந்தும் வந்த யாவோ இனத்தவர் பெரும்பாலும் முஸ்லிம்கள், பரம்பரையாக இந்தப் படையணியில் சேர்ந்து வந்தவர்கள். கரையோரச் சுவாஹிலி மக்களும் அப்படித்தான் முஸ்லிம்கள். படைப்பிரிவு முழுவதும் முஸ்லிம்கள் என்று சொல்ல வரவில்லை. கிறிஸ்தவர்களும் தங்கள் முன்னோர் வழிபாட்டைப் பின்பற்றியவர்களும் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் பாளையத்தில் பொதுவாகப் பேசிய மொழி சுவாஹிலி. நியாசாலாந்துப் பட்டாலியன்களில் சின்யாஞ்சா மொழியும் இருந்தது. சுவாஹிலியில் புத்தகத்துக்கு ‘கிதாபு’ என்பார்கள். பிரார்த்தனைக்கு ‘துவா’, உலகத்துக்கு ‘துனியா’, நேரத்துக்கு ‘வகாத்தி’. நம் மத்ரஸாப் பிள்ளைக்கு இவை எல்லாம் விளங்கும். அரபுக் கடலின் இரண்டு கரைகளிலும் ஒரே வணிகர் கூட்டம் விட்டுப்போன சொற்கள் அவை.

இப்படிப்பட்டவர்களுக்கு நம் ஊர்களில் என்ன பெயர்? ‘காப்பிரி’, ‘காப்பிலி’. கறுப்பாக, சுருட்டை முடியோடு இருந்தால் இன்றைக்கும் பிள்ளைகள் ஒருவரையொருவர் அப்படிக் கூப்பிடுவதைக் கேட்கிறோம். அந்தச் சொல்லின் மூலம் அரபு மொழியின் ‘காஃபிர்’. கிழக்கு ஆபிரிக்கக் கரையில் இஸ்லாத்தை ஏற்காதவர்களை அரபு வணிகர்கள் அப்படி அழைத்தார்கள். அதைப் போர்த்துக்கேயர் எடுத்து ஆபிரிக்கர் எல்லோருக்கும் பொதுப் பெயராக்கினார்கள். அவர்களிடமிருந்து அது நம்மிடம் வந்தது. ஐந்து நேரம் தொழும் ஒரு யாவோச் சிப்பாய் நம் தெருவால் போயிருந்தால், அவரையும் அதே சொல்லால்தான் அழைத்திருப்பார்கள்.

இந்தச் சொல்லைப் பற்றி எழுதும்போது புத்தளம் நினைவுக்கு வராமல் இருக்காது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்ட எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலோர் தங்கியது புத்தளம் மாவட்டத்தில். நம்மில் பலர் பிறந்ததோ படித்ததோ அங்கேதான். அந்தப் புத்தளத்துக்குப் பக்கத்தில் சிறாம்பியடி என்று ஓர் ஊர். ஐரோப்பியரின் படைகளில் சேவை செய்வதற்காகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கச் சிப்பாய்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள். பிரித்தானியர் தங்கள் ஆபிரிக்கப் படையணியைக் கலைத்த பிறகு திரும்பிப் போக வழியில்லாமல் அந்தப் பக்கத்தில் குடியேறியவர்களின் பிள்ளைகள். இன்று அவர்கள் கத்தோலிக்கர்கள், அவர்களின் முதியவர்களிடம் போர்த்துக்கேயக் கிரியோல் மொழி மிச்சமிருக்கிறது, ‘மஞ்ஞா’ என்ற அவர்களுடைய பாட்டும் ஆட்டமும் ஓரளவு பிரபலம். 1943இல் வந்தவர்களுக்கும் இவர்களுக்கும் நேரடி உறவில்லை. ஆனால் இந்தத் தீவின் யுத்தங்களுக்கு ஆபிரிக்காவிலிருந்து ஆள் எடுப்பது புதிதாகத் தொடங்கிய வேலை இல்லை என்பதற்கு அவர்களே சாட்சி.

சரி, படைப்பிரிவுக்கு வருவோம். 1943இலும் 1944இன் முதல் பாதியிலும் இங்கே காட்டுப் பயிற்சி நடந்தது. பர்மாக் காட்டில் ஜப்பானியரோடு சண்டையிடுவதற்கு இலங்கைக் காடு பொருத்தமான பள்ளிக்கூடம் என்று கருதினார்கள். அதே நேரத்தில் படைப்பிரிவுக்கு வேண்டிய மற்றப் பிரிவுகளும் மொம்பாசாவிலிருந்து கொழும்புக்குக் கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்தன. அப்படி வந்த ஒரு கப்பலின் கதையை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கப்பலின் பெயர் கெதீவ் இஸ்மாயீல். எகிப்தை ஆண்டவரின் பெயர். 1944 பெப்ரவரியில் ஐந்து துருப்புக் கப்பல்கள் ஒன்றாக மொம்பாசாவிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்டன. கெதீவ் இஸ்மாயீலில் மட்டும் 1,511 பேர். 301ஆவது கிழக்கு ஆபிரிக்கப் பீரங்கிப் படையணியைச் சேர்ந்த ஏறக்குறைய ஆயிரம் பேர், கடற்படையினர், தாதியர், கடற்படையில் வேலை செய்த பெண்கள். பெப்ரவரி 12, சனிக்கிழமை பிற்பகல், மாலைதீவின் தெற்கே ஜப்பானின் ஐ-27 என்ற நீர்மூழ்கி இரண்டு டோர்பிடோக்களால் அடித்தது. கப்பல் இரண்டு நிமிடத்துக்குள் முழுதாக மூழ்கிவிட்டது. இரண்டு நிமிடம். கீழ்த்தளத்தில் இருந்தவர்களுக்குப் படி ஏறக்கூட நேரமில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் வாசிக்கவே கஷ்டமானது. நீர்மூழ்கி, தண்ணீரில் தத்தளித்தவர்களுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. காவலுக்கு வந்த நாசகாரிக் கப்பல் அதை விட்டால் மற்ற நான்கு துருப்புக் கப்பல்களும் ஆபத்தில். ஆகவே உயிரோடு மிதந்தவர்கள் நடுவிலேயே ஆழ்கடல் வெடிகுண்டுகள் போடப்பட்டன. கடைசியில் ஐ-27உம் அழிந்தது. கெதீவ் இஸ்மாயீலில் இருந்தவர்களில் 1,297 பேர் இறந்தார்கள், 214 பேர் தப்பினார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் கொழும்புத் துறைமுகத்தைக் காணாமலே போன அந்த ஆபிரிக்கப் பீரங்கி வீரர்கள். பிரித்தானியாவில் இந்தச் சம்பவத்தை நினைவுகூரும்போது பெரும்பாலும் அதில் இறந்த 77 பெண்களைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். அதில் பிழையில்லை, அவ்வளவு பெண்கள் ஒரே சம்பவத்தில் இறந்தது அவர்களுடைய படை வரலாற்றில் வேறில்லை. ஆனால் அந்த ஆயிரம் பேரைப் பற்றி எழுத அவர்களுடைய கிராமங்களில் பத்திரிகை இருக்கவில்லை. நாமும் கடல் வழியால் மாலைதீவுப் பக்கம் போகிறவர்களைக் கொண்ட சமூகம்தான், நமக்கும் இந்தச் செய்தி வந்து சேரவில்லை.

1944 நடுப்பகுதியில் படைப்பிரிவு பர்மா எல்லைக்கு அனுப்பப்பட்டது. இம்பால், கொஹிமாச் சண்டைகளில் ஜப்பானியர் தோற்றுப் பின்வாங்கத் தொடங்கிய நேரம். அவர்களைத் துரத்த வேண்டும், ஆனால் மழைக்காலம். மழைக்காலத்தில் அந்தப் பக்கத்தில் யாரும் யுத்தம் செய்வதில்லை என்பது வழக்கம். 14ஆவது இராணுவத்தின் தளபதி ஸ்லிம் நிறுத்தவில்லை. தாமுவிலிருந்து தெற்கே போகும் கபோ பள்ளத்தாக்கால் இறங்கும் வேலை கிழக்கு ஆபிரிக்கருக்குக் கொடுக்கப்பட்டது. அந்தப் பள்ளத்தாக்கு மலேரியாவுக்குப் பேர்போனது. ஆபிரிக்கர்கள் மலேரியாவை மற்றவர்களைவிடத் தாங்குவார்கள் என்று அதிகாரிகள் மத்தியில் ஒரு நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கைக்கும் இந்தத் தெரிவுக்கும் இருந்த தொடர்பை நினைத்தால் நமக்குக் கொஞ்சம் கசக்கிறது.

அந்தப் பள்ளத்தாக்குக்கு வேறொரு கதையும் உண்டு, அதில் தமிழ் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். 1942இல் ஜப்பானியர் வந்தபோது பர்மாவில் வேலை செய்துகொண்டிருந்த இந்தியர்கள் இலட்சக்கணக்கில் நடந்தே வெளியேறினார்கள். கூலிகள், கடைக்காரர்கள், எழுதுவினைஞர்கள் என்று எல்லோரும். அவர்களில் தமிழர் நிறைய, தமிழ் முஸ்லிம்களும் இருந்தார்கள். தாமு வழியாக மணிப்பூருக்குப் போன பாதையில் வயிற்றோட்டத்தாலும் மலேரியாவாலும் பசியாலும் ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே விழுந்தார்கள். இரண்டு வருடம் கழித்து எதிர்த்திசையில் இறங்கிய சிப்பாய்கள் அதே நிலத்தில்தான் நடந்தார்கள். தாமுவுக்கு எதிரே இந்திய எல்லையில் இருக்கும் மோரே என்ற சிற்றூரில் இன்றும் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. பின்னாளில், 1960களில் பர்மாவிலிருந்து விரட்டப்பட்டவர்களின் குடும்பங்கள் அவை.

கபோ பள்ளத்தாக்கில் படைப்பிரிவு பட்ட பாட்டை வன்னியின் மாரிகாலச் சேற்றைத் தெரிந்தவர்கள் ஓரளவு கற்பனை செய்யலாம். பாதை என்று இருந்தது குழம்பாகிவிட்டது. வாகனம் புதைந்தது. சாப்பாடும் வெடிமருந்தும் விமானத்திலிருந்து பரசூட்டில் போட வேண்டியிருந்தது. முகில் மூடினால் விமானமும் இல்லை. பாலம், வாய்க்கால், மரக்கட்டை அடுக்கிய பாதை எல்லாவற்றையும் போட்டுக்கொண்டே முன்னால் போனார்கள். பின்வாங்கும் ஜப்பானியர் ஒவ்வொரு மேட்டிலும் பதுங்குகுழி வெட்டி நின்று சண்டையிட்டார்கள். நவம்பர் நடுப்பகுதியில் கலெமியோவில் இந்திய இராணுவத்தின் 5ஆவது படைப்பிரிவோடு சேர்ந்துகொண்டார்கள். பிறகு மியித்தா ஆற்றின் ஒடுங்கிய பள்ளத்தாக்கால் சண்டையிட்டு, டிசெம்பர் 2இல் சிந்துவின் ஆற்றங்கரையில் கலேவாவைப் பிடித்தார்கள். அடுத்த நாளே ஆற்றைக் கடந்து மறுகரையில் காலூன்றினார்கள்.

அந்தக் கரையை அவர்கள் பிடித்து வைத்திருந்ததால்தான் அங்கே பாலம் போட முடிந்தது. 1,154 அடி நீளமான மிதக்கும் பெய்லி பாலம். இரண்டு மூன்று நாளில் போட்டு முடித்தார்கள், அந்த நேரத்தில் உலகத்திலேயே நீளமான பெய்லி பாலம் அதுதான். அதன் மேலால் மற்றப் படைகள் மண்டலேயை நோக்கிப் போயின. 1945 மார்ச்சில் மண்டலே விழுந்தது, மே மாதத்தில் ரங்கூன். அந்தப் படங்களில் 11ஆவது படைப்பிரிவு இல்லை. பாலத்துக்கான கரையைப் பிடித்துக் கொடுத்த கையோடு அவர்களை ஓய்வுக்கென்று இந்தியாவுக்கு எடுத்துவிட்டார்கள், பிறகு யுத்தம் முடிந்துவிட்டது.

இனி நமக்கு முக்கியமான கேள்வி. இது யாருடைய யுத்தம்?

ஜப்பானிய இராணுவம் பிடித்த இடங்களில் செய்த கொடுமைகளைத் தெரிந்தவர்கள், அது தோற்றதற்காக வருந்த மாட்டார்கள். பர்மா-சியாம் ரயில் பாதையில் செத்த மலாயாத் தமிழ்த் தொழிலாளரின் கதை ஒன்றே போதும். ஆனால் ஹிட்லரையும் ஜப்பானையும் தோற்கடிப்பது சுதந்திரத்துக்கான யுத்தம் என்று சொன்ன அரசு, நைரோபியில் ஆபிரிக்கனை அவனுடைய நிலத்திலேயே அடையாள அட்டையோடு நடக்க வைத்தது. இந்தப் படைப்பிரிவில் அதிகாரிகள் வெள்ளையர். ஆபிரிக்கர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் சார்ஜன்ட் மேஜர் தரத்தோடு நிற்க வேண்டும்.

நம் தீவிலும் இதே கேள்வி எழுந்தது. கொகோஸ் தீவுகளில் காவலுக்கு வைக்கப்பட்டிருந்த இலங்கைப் பீரங்கிப் படையினரில் சிலர், 1942 மே 8ஆம் திகதி இரவு தங்கள் பிரித்தானிய அதிகாரிகளுக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். அதிகாரிகளைப் பிடித்துத் தீவை ஜப்பானியரிடம் கொடுப்பது திட்டம். அது தோற்றது. தலைவராக இருந்த கிரேஷன் பெர்னாண்டோ ஓகஸ்ட் 5இல் வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டார், அடுத்த சில நாட்களில் இன்னும் இருவர். அந்த யுத்தத்தில் கலகம் செய்ததற்காகத் தூக்கிலிடப்பட்ட பொதுநலவாயப் படையினர் இந்த மூவர் மட்டும்தான். அவர்கள் தெரிவு செய்த பக்கம் சரியான பக்கம் என்று நாம் சொல்ல மாட்டோம். ஒரு ஆட்சியின் இனத்துவேசத்திலிருந்து தப்ப இன்னொரு ஆக்கிரமிப்பாளனின் கையைப் பிடிப்பது விடுதலை ஆகாது. ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி பொய்யான கேள்வியும் இல்லை.

இதே காலத்தில் உலகத்தின் மறுபக்கத்தில் ஸ்லோவாக்கியா என்ற சின்ன நாடு. 1939இல் ஹிட்லரின் நிழலில் உருவான அரசு. 1941இல் ஜேர்மனி சோவியத் ஒன்றியத்தைத் தாக்கியபோது தன் பிள்ளைகளையும் அனுப்பியது. அனுப்பியதில் ஒன்று ‘பாதுகாப்புப் படைப்பிரிவு’. முன்னரங்கில் அதற்கு வேலையில்லை. ஜேர்மனியர் பிடித்த உக்ரைன், பெலருஸ் ஊர்களில் ரயில் பாதைகளைக் காப்பதும், காட்டுக்குள் இருக்கும் கெரில்லாக்களைத் தேடுவதும்தான் வேலை. சுற்றிவளைப்பு, தேடுதல், சோதனைச் சாவடி என்று நமக்குத் தெரிந்த சொற்கள்தான். ஆனால் ஸ்லோவாக்கியர் பேசும் மொழி அந்த ஊர் மக்களுக்கும் ஓரளவு விளங்கும். விளங்கியதால் சிப்பாய்களுக்குப் பிரச்சினை வந்தது. சோதனை செய்யப்போன வீட்டுக்காரி திட்டுவது தன் தாய் திட்டுவது போலக் கேட்டால் என்ன செய்வது?

அந்தப் படைப்பிரிவின் 101ஆவது படையணியில் யான் நாலெப்கா என்று ஓர் அதிகாரி. சேவைக்கு எடுக்கப்படுமுன் அவர் பாடசாலை ஆசிரியர். ரகசியமாகக் கெரில்லாக்களுக்குச் செய்தி கொடுத்தார், 1943 மே மாதத்தில் சில பேரோடு அவர்கள் பக்கம் போய்விட்டார். அதே வருடம் நவம்பர் 16இல் ஓவ்ருச் என்ற உக்ரைன் நகரத்துக்கான சண்டையில் இறந்தார். அதற்குச் சில கிழமைக்கு முன்னர், வேறொரு ஸ்லோவாக்கியப் படைப்பிரிவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே தடவையில் சோவியத் பக்கம் சரணடைந்திருந்தார்கள். ஒரு படைப்பிரிவு முழுவதையும் ஒரே நிறத்தில் பூசக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் நமக்குக் கிடைக்கவில்லை. அந்தப் படையே ஊர்களை ஒடுக்கும் வேலையையும் செய்தது, அதற்குள்ளிருந்தே நாலெப்காவும் வந்தார்.

கிழக்கு ஆபிரிக்கர் பக்கம் மாறவில்லை. அவர்களுடைய கேள்வி வீட்டுக்குப் போன பிறகுதான் வெளியில் வந்தது. கென்யாவின் கிகுயு இனத்தவரான வருஹியு இடோதே என்ற இளைஞர் இந்தப் படையணியில் சேர்ந்து பர்மாச் சண்டையில் இருந்தவர். தன் நினைவுக் குறிப்பில் ஓர் உரையாடலை எழுதியிருக்கிறார். ஒரு வெள்ளைச் சிப்பாய் அவரிடம், நான் செத்தால் என் நாட்டுக்காகச் சாகிறேன், நீ செத்தால் உன் நாட்டுக்கு என்ன கிடைக்கும் என்ற கருத்தில் கேட்டாராம். இடோதேயிடம் அப்போது விடை இருக்கவில்லை. யுத்தம் முடிந்து போனால், கென்யாவில் வெள்ளையரான முன்னாள் படையினருக்கு மேட்டுநிலங்களில் காணி கொடுத்துக் குடியேற்றுகிறார்கள், ஆபிரிக்க முன்னாள் படையினருக்கு அது இல்லை. இடோதே ரயில்வேயில் நெருப்புப் போடும் வேலைக்குப் போனார். பிறகு காட்டுக்குப் போனார். 1950களில் மவு மவு கிளர்ச்சியில் ‘ஜெனரல் சைனா’ என்று பிரித்தானியர் தேடிய தளபதி அவர்தான். காட்டுச் சண்டையை அவருக்குச் சொல்லிக் கொடுத்தது பிரித்தானிய இராணுவமே. 1954 ஜனவரியில் காயத்தோடு பிடிபட்டு, மரண தண்டனை விதிக்கப்பட்டு, அது குறைக்கப்பட்டு, சுதந்திரக் கென்யாவைக் காணும் வரை உயிரோடு இருந்தார்.

சேவை முடிவில் கொடுத்த பணமும் நிறத்தைப் பார்த்துத்தான் கொடுக்கப்பட்டது. அதே தரத்தில் இருந்த வெள்ளைச் சிப்பாய்க்குச் சேவை மாதம் ஒன்றுக்குக் கிடைத்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ஆபிரிக்கச் சிப்பாய்க்கு. பழைய ஆவணங்களிலிருந்து இந்தக் கணக்கு 2019இல்தான் பகிரங்கமானது. அப்போது உயிரோடிருந்த ஒரு சிலருக்குத் தொண்ணூறு வயது தாண்டியிருந்தது.

பெயர்களின் கதையும் அப்படித்தான். பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணைக்குழு என்ற அமைப்பு, ஜெனரல் என்றாலும் சிப்பாய் என்றாலும் ஒரே அளவுக் கல் என்ற கொள்கையோடு தொடங்கியது. 2021இல் அதே அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. முதலாம் உலக யுத்தத்தில் இறந்தவர்களில் குறைந்தது 1,16,000 பேர், அதிலும் பெரும்பாலோர் கிழக்கு ஆபிரிக்கரும் எகிப்தியரும், பெயர் குறிப்பிடப்படாமலோ எந்த நினைவும் இல்லாமலோ விடப்பட்டிருக்கிறார்கள், அந்த எண்ணிக்கை மூன்றரை இலட்சம் வரை போகலாம் என்று அதில் ஒப்புக்கொண்டது. சுமை தூக்கப் பிடித்துக்கொண்டு போனவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. இரண்டாம் யுத்தத்தில் நிலைமை கொஞ்சம் திருந்தியிருந்தது.

பட்டியல் இல்லாமல் போவதன் வலி நம் மண்ணில் எல்லோருக்கும் தெரியும். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் படங்களோடு இருந்ததை நாம் தினமும் கடந்து போனோம். 1990இல் நம்மவர்கள் விட்டுவிட்டுப் போன வீடு, காணி, கடை, பள்ளிவாசல் கிணறு என்று ஊர் ஊராக ஒரு முழுக் கணக்கை எழுதி வைக்கும் வேலை இன்னும் முடியவில்லை. மூத்தம்மாக்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிக்கொண்டிருக்கிறார்கள். நம் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் சிலர் இந்த விடுமுறையில் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். பெயர், தகப்பன் பெயர், ஊர், எந்தத் திகதியில் எந்த வழியால் நடந்தார்கள், கையில் என்ன கொண்டுபோனார்கள். ஒரு பயிற்சிப் புத்தகத்தில் இவ்வளவும் போதும். உங்கள் வீட்டிலும் யாராவது இருந்தால் எழுத வையுங்கள், அல்லது தொலைபேசியில் பதிவு செய்து அனுப்புங்கள்.

கடைசியாக ஒரு தகவல், சுற்றுலா ஒழுங்கு செய்யும் ஆசிரியர்களுக்கு. கண்டிக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோகும் பஸ், பேராதனைப் பூந்தோட்டம் பார்த்துவிட்டு நகரத்துக்குப் போகும் வழியில் கெட்டம்பேயைத் தாண்டும். மகாவலிக்குப் பக்கத்தில், அங்கேதான் கண்டி யுத்த மையவாடி இருக்கிறது. 203 பேர் அடக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் 107 பேர் பிரித்தானியர், 35 பேர் கிழக்கு ஆபிரிக்கர், 26 பேர் நம் இலங்கையர். பூந்தோட்டத்திலிருந்து அது சில நிமிடப் பயணம்தான். கற்களில் பெயரும் படையணியும் திகதியும் வெட்டியிருக்கிறார்கள், பிள்ளைகள் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வரலாம்.